பழப்புளியும் பித்தளைக் கலமும்

திருநாள் நெருங்கியதும் வீட்டிலுள்ள குத்துவிளக்குகளும் செம்புகளும் கிணற்றடிக்கு வந்துவிடுகின்றன. இல்லத்தரசி பழப்புளியை நீரில் நனைத்து விளக்கின்மேல் தேய்க்கிறாள். கறுத்திருந்த பித்தளை சற்று நேரத்தில் பொன்போல் ஒளிர்கின்றது. அன்றாடம் காணும் இச்செயலில் இரசாயனத்தின் ஓர் அரிய பாடம் அடங்கியிருக்கின்றது.

பித்தளை என்பது செம்பும் நாகமும் சேர்ந்த கலப்புலோகம். காற்றிலுள்ள ஒட்சிசன் அதன் மேற்பரப்பிலுள்ள செம்புடன் கூடும்போது ஒட்சைட்டு எனும் கரும்படலம் உண்டாகின்றது. அது நீரிற் கரையாது. ஆதலால், வெறும் நீரால் எவ்வளவு கழுவினும் அகலாது. புளியிலுள்ள தாத்தாரிக்கமிலமோ அதனைக் கரைத்துவிடுகின்றது. பின்னர் நீர் ஊற்ற, கரைந்தது நீருடன் போய்விடும். தேசிக்காயிலுள்ள சித்திரிக்கமிலமும், வினாகிரியிலுள்ள அசற்றிக்கமிலமும் இதே தொழிலைச் செய்யவல்லன.

ஒரு பொருளில் அமிலம் உண்டா என்பதை அறிய ஆய்வுசாலை வேண்டுவதில்லை. வேலியோரத்துச் செவ்வரத்தம்பூவின் இதழ்களைச் சுடுநீரில் ஊறவைத்து வடித்துக்கொண்டால் போதும். அச்சாற்றில் தேசிப்புளி சில துளி விட்டால் செந்நிறம் தோன்றும். அப்பச்சோடா கரைத்த நீரை விட்டால் பச்சை நிறம் தோன்றும். முன்னது அமிலம், பின்னது காரம்.

இனி, சிந்திக்கவேண்டியது ஒன்றுண்டு. விளக்கைத் துலக்கும் புளி, அது சமைக்கப்படும் கலத்தை வாளா விட்டுவிடுமா? ஈயம் பூசாத பித்தளைக் கலத்தில் இரசத்தையோ புளிக்குழம்பையோ இரவு முழுவதும் வைத்திருந்தால், அமிலமும் காற்றும் சேர்ந்து செம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து உணவிற் கலந்துவிடுகின்றன. அவ்வுணவு குமட்டலையும் வாந்தியையும் வயிற்றுவலியையும் தரும். காலையிற் பிள்ளை வாந்தியெடுக்க, வீட்டார் மீனையோ மரக்கறியையோ நொந்துகொள்வர். குற்றம் கறியினதன்று, கலத்தினது.

முன்னோர் புளிக்கறிக்கு மண்சட்டியையும் ஊறுகாய்க்குப் பீங்கான் சாடியையும் கொண்டமைக்கும், பித்தளைக் கலங்களின் உட்புறத்தில் வெள்ளீயம் பூசுவித்தமைக்கும் காரணம் இதுவே. வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு, காரீயம் நஞ்சு. இக்காலத்துத் துருவேறா உருக்குக் கலம் புளிக்கு அஞ்சுவதில்லை. அலுமினியக் கலத்திலோ புளிப்புள்ள உணவை நெடுநேரம் வைத்திருத்தல் ஆகாது.

அமிலத்தை எக்கலத்தில் இடுவது என்பது போலவே, எதனோடு சேர்ப்பது என்பதும் கருதற்பாலது. கிணற்றுக்கு இடும் வெளிற்றுந்தூளுடன் வினாகிரியையோ வேறெந்த அமிலத்தையோ சேர்த்து நிலம் கழுவ முற்படுதல் பேராபத்து. இரண்டும் சேர்ந்தால் அழுக்கு விரைவில் அகலும் என எண்ணுவோர் உளர். அகல்வதற்கு முன் குளோரீன் வாயு கிளம்பும். 1915 ஆம் ஆண்டு ஏப்பிரலில் பெல்ஜியத்து ஈப்பர் நகரருகே போர்வீரர்களைக் கொன்றது அவ்வாயுவே. அடைத்த குளியலறையில் அது சிறிதளவாயினும் நுரையீரலைத் தாக்கும்.

இன்றிரவு அடுக்களைக் கதவைச் சாத்துமுன், எஞ்சிய புளிக்கறி எக்கலத்தில் இருக்கின்றது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று.