இல்லத்தரசிகளே, உங்கள் வாளித் தண்ணீர் எங்கே போகிறது?

வீட்டுத் தோட்டம் குறித்தும், இரசாயனம் கலவாத துப்புரவு குறித்தும் பல கட்டுரைகள் உங்கள் பார்வைக்கு வந்திருக்கும். மாடியில் தொட்டி வையுங்கள், சமையல் சோடாவால் பாத்திரம் துலக்குங்கள், கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றுங்கள் என்று அவை கூறும். அவற்றுள் பெரும்பாலானவை நல்ல தண்ணீர் உள்ள ஊர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் வாழும் நமக்கு அந்த யோசனைகளுள் சில பொருந்தும், சில பொருந்தா, ஒன்றிரண்டு கேடும் செய்யும். காரணம் ஒரே சொல்லில் அடங்கும்: உப்பு.

நம்மில் பலருடைய வீட்டில் அடுப்பு எரிவது தோல் தொழிலால்தான். அதை மறந்து பேசுவது நன்றி கெட்ட செயல். அத்தொழிலால் நேர்ந்த கேட்டை மறைத்துப் பேசுவதும் நேர்மையன்று. உரித்த தோல் அழுகாதிருக்க அதில் உப்பை அள்ளித் தேய்த்து அனுப்புகிறார்கள். பதனிடும் இடத்தில் அதை ஊறவைத்துக் கழுவும்போது அவ்வளவு உப்பும் தண்ணீரோடு வெளியேறுகிறது. அடுத்த கட்டத்தில் குரோமியம் சேர்கிறது. பல்லாண்டுக் காலம் இக்கழிவு ஓடைகளிலும் ஏரிகளிலும் பாலாற்று மணலிலும் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு உலகெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கும் தீர்ப்பாகிவிட்டது. இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டறிந்ததை அத்தீர்ப்பு எடுத்துரைக்கிறது. இழப்பீடும் சீரமைப்பும் இன்னும் முடிந்தபாடில்லை. 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்க வேண்டியதாயிற்று.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பின்னர் நிலைமை ஓரளவு மாறியது உண்மை. குரோமியத்தைப் பிரித்துவிடலாம், கரைந்த உப்பைப் பிரிப்பதே பெரும்பாடு. முன்னரே நிலத்தடியில் இறங்கிய உப்பும் எளிதில் அகலுவதில்லை.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். சலவைத்தூளில் அழுக்கு நீக்கும் பொருள் ஒரு பங்குதான். எடையில் பெரும்பகுதி சோடியம் கார்பனேட், சோடியம் சல்பேட் போன்ற உப்புகள். அந்தச் சோடியம் களிமண்ணில் சேரச் சேர, மண் துகள்கள் இறுகி நீர் உள்ளே இறங்காது. மேலே வெண்படலம் பூக்கும். இலை நுனி கருகும். ஏற்கெனவே உப்பேறிய நிலத்தில் நாமும் வாளி வாளியாக உப்பைக் கொட்டுகிறோம் என்பதே இதன் பொருள். ஆகவே, நம் ஊரில் துப்புரவும் தோட்டமும் இரண்டு தலைப்புகள் அல்ல. எதைக் கொண்டு கழுவுகிறோமோ அதுவே செடி வாழுமா என்பதைத் தீர்மானிக்கும்.

சமையல் சோடாவும் சோடியம்தான். அதைக் கொண்டு அடுப்பங்கரை மேடையைத் தாராளமாகத் தேயுங்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு மட்டும் விடாதீர்கள். சோடாவையும் சிர்காவையும் ஒன்றாகக் கலந்தால் பொங்குவதைப் பார்க்க அழகாக இருக்கும். ஆனால், புளிப்பும் காரமும் ஒன்றையொன்று முறித்துவிட, எஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீரே. தனித்தனியே பயன்படுத்தினால் இரண்டுக்கும் பயன் உண்டு. குழாயிலும் வாளியிலும் படியும் வெள்ளைக் கறைக்குச் சிர்காவோ எலுமிச்சைச் சாறோ தடவி அரைமணி நேரம் விட்டால் போதும். கல்லுப்புக் கரைத்துத் தரை துடைக்கும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு. அந்தத் தண்ணீருக்கும் செடியிடம் வேலை இல்லை.

அப்படியானால் எதைக் கொண்டு கழுவுவது? பூந்திக்கொட்டையை மறந்துவிட்டோம். பட்டுச் சேலைக்கும் நகைக்கும் மட்டும் உரியதென்று அதை அலமாரியில் வைத்துவிட்டோம். கொட்டையை நீக்கிய தோலை இரவு ஊறவைத்துக் காலையில் கொதிக்கவிட்டு வடித்தால் நுரைக்கும் நீர் கிடைக்கும். அன்றாடத் துணிக்கும் தரைக்கும் அது போதும். பிசுக்கேறிய தேக்சாவுக்கு முதலில் பழந்துணியால் எண்ணெயை வழித்துவிட்டு, சீயக்காய்த் தூளும் வெந்நீரும் கொண்டு துலக்கலாம். செம்பு, பித்தளைக்குப் புளி இருக்கிறது. கடும் அழுக்குத் துணிக்குச் சலவைத்தூள் தேவைப்படலாம், அதை மறுப்பதற்கில்லை. அளவைப் பாதியாக்குங்கள், அலசும் முதல் நீரைச் சாக்கடைக்கு விடுங்கள்.

சாம்பலைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். விறகுச் சாம்பல் பாத்திரம் துலக்க நல்லது. ஆனால், குரோமியத்தால் பதனிட்ட தோல் துண்டையோ சீவலையோ எரித்த சாம்பல் வேறு. எரியும்போது அதிலுள்ள குரோமியத்தின் ஒரு பகுதி நச்சு மிகுந்த ஆறிணைதிற வடிவத்துக்கு மாறக்கூடும். அத்தகைய துண்டுகளை அடுப்பிலும் இடாதீர்கள், குப்பையோடும் கொளுத்தாதீர்கள். அந்தச் சாம்பல் பாத்திரத்துக்கோ பாத்திக்கோ வரவே கூடாது.

நோயாளி இருக்கும் வீட்டில், வாந்தி பேதி பரவும் காலத்தில், பிளீச்சிங் பவுடர் வேண்டியதே. பூந்திக்கொட்டை கிருமிநாசினியன்று. ஆனால், பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிட்டையோ சிர்காவையோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் எழும் குளோரின் வாயு, காற்றோட்டமில்லாத குளியலறையில் உயிருக்கே உலை வைக்கும். கழிப்பறையில் ஒன்றை ஊற்றிய கையோடு மற்றொன்றை ஊற்றுவது நம் பெண்கள் அறியாமல் செய்யும் காரியம். வீட்டில் வேலை செய்யும் அம்மாவிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

தோட்டத்துக்கு எந்த நீர் என்பதை அறிய முதலில் அளந்து பாருங்கள். கரைந்த உப்பைக் காட்டும் கையடக்கமான டி.டி.எஸ். மீட்டர் அதிக விலையில்லை. குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் விரும்பத்தக்க அளவு என்றும், வேறு நீர் கிடைக்காதவிடத்து 2,000 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தரநிர்ணயம் வகுத்துள்ளது. உங்கள் கிணறோ ஆழ்துளைக் கிணறோ 2,000-ஐத் தாண்டினால் அந்நீரில் கீரை விளைவிக்க முயல வேண்டாம். இக்கருவி குரோமியத்தைக் காட்டாது, ஆய்வகத்தில்தான் அறியமுடியும். மண், நீர் ஆய்வு குறித்து விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.

வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருப்போர் ஒன்றைக் கவனியுங்கள். அது வெளியேற்றும் கழிவுநீர், உள்ளே சென்ற நீரைவிடக் கூடுதல் உப்புடையது. அதைச் செடிக்கு ஊற்றுமாறு சொல்வோர் உளர். நம் ஊரில் அது செடிக்கு நஞ்சு. கழிப்பறைக்கு ஊற்றுங்கள்.

செடிக்கு உகந்தவை அரிசி கழுவிய நீர், காய்கறி கழுவிய நீர், ஒளுச் செய்த நீர். குழாயில் வருவது நல்ல தண்ணீராயின், சோப்புப் படாத ஒளுத் தண்ணீரே வீட்டின் மிகத் தூய கழிவுநீர். மீண்டும் ஒளுவுக்கு அது ஆகாது என்றாலும் அசுத்தமன்று என்பது மத்ரஸாவில் நாங்கள் நடத்தும் பாடம். வேருக்கு விடத் தடையேதுமில்லை. ஐந்து வேளையும் சாக்கடைக்குப் போகும் இந்நீரைக் குறித்துப் பள்ளிவாசல் நிர்வாகிகளும் சிந்திக்கலாம். எல்லாவற்றினும் மேலானது மழைநீர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர். சேதாரம் போக முக்கால் பங்கு கிடைத்தாலும் சிறு தோட்டத்துக்கு எத்தனை நாள் வரும்! தமிழகத்தில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். குழாய் இருக்கிறது, அது தொட்டியோடு இணைந்திருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள்.

சந்தேகமுள்ள நிலத்தில் நேரடியாக விதைக்காமல் அடியில் துளையுள்ள தொட்டியிலோ பையிலோ, வேற்றிடத்து நல்ல மண்ணிட்டு வளருங்கள். டேனரி ஓடை கலந்த ஏரி வண்டல் எவ்வளவு கருமையாக இருந்தாலும் வேண்டாம். குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்குமாதலால் அத்தகைய நிலத்தில் முள்ளங்கி, கேரட் அறவே கூடாது. உரத்துக்குக் காய்கறித் தோலும் ஆட்டுப் புழுக்கையும் வேப்பம்புண்ணாக்கும் போதும். மிஞ்சிய பிரியாணி, ஊறுகாய், உப்பிட்ட கஞ்சி ஆகியவற்றை உரக்குழியில் கொட்டினால் அதுவும் உப்பே.

பயிர்களிலும் பொறுமைசாலிகள் உண்டு. அவரை, வெங்காயம், எலுமிச்சை உப்பைத் தாங்கா. பிரியாணிக்குத் துணையான கத்தரியும் அதிகம் தாங்காது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்தரியை வளர்க்க ஆசைப்பட்டால் மழைநீரை அதற்கென்றே ஒதுக்கி வையுங்கள். கொத்தவரை நன்றாகத் தாங்கும். காராமணியும் பீட்ரூட்டும் ஓரளவு தாங்கும். புதிதாகத் தொடங்குவோர் கொத்தவரையில் தொடங்கலாம். வடகிழக்குப் பருவமழையின்போது தொட்டிகளைக் கூரைக்கடியில் ஒதுக்காமல் வெளியிலேயே விடுங்கள். ஆண்டு முழுதும் தேங்கிய உப்பை மழை அடித்துளை வழியே கழுவிக்கொண்டு போகும். மழை ஓய்ந்ததும் மண்ணின் மேல் வெண்படலம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கீரை விதையைத் தூவுங்கள்.