கதவோரத்து ரப்பர்

மருங்காபுரிப் பக்கத்துச் செம்மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. சித்திரையில் தூளாகப் பறக்கும். ஐப்பசியில் சேறாக ஒட்டிக்கொள்ளும். திருச்சி - மதுரை நெடுஞ்சாலையை விட்டிறங்கி, கிராமப் பாதையில் நாலு மைல் போய்த் திரும்பிய பழைய காரின் கதவைத் திறந்தால், ஆசனங்களின் மேல் மஞ்சள் குங்குமம் தூவியது போல் புழுதி படிந்திருக்கும். "கண்ணாடியை எல்லாம் ஏற்றி விட்டுத்தானே வந்தோம்! புழுதி எந்த வழியாக வந்தது?" என்று காருக்குரியவர் திகைப்பார்.

வந்த வழி கதவோரத்திலேயே இருக்கிறது. கதவைச் சுற்றி ஒரு ரப்பர்ப் பட்டை ஓடுகிறதே, பட்டறைக்காரர்கள் 'பீடிங்' என்பார்கள், அதை விரலால் அழுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். புதிதானால் அமுங்கி மறுபடியும் எழும்பும். வயதாகிவிட்டால் அப்பளமாக நொறுங்கும்.

இந்தத் தொல்லையை அனுபவித்து அறிந்தவர்கள் ஹெரால்டு கார் வைத்திருப்பவர்கள். பிரிட்டனில் 1959-ல் வெளிவந்த அந்தக் காருக்கு உருவம் வரைந்தவர் இத்தாலியரான மிக்கலாட்டி. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் அதைத் தயாரித்தார்கள். அந்தக் காலத்தில் சோழவரம் பந்தயங்களில் ஓடிய வண்டிகளில் ஹெரால்டும் ஒன்று. அதன் சாஸியைக் குறுக்கி, அதன் மேல் இரண்டு பேர் உட்காரும் திறந்த உடலை வைத்துத்தான் 1962-ல் 'ஸ்பிட்பயர்' என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஆக, நம் ஊர் ஹெரால்டு அந்தப் பந்தயக் குதிரைக்கு அண்ணன் முறை!

அண்ணனிடம் ஒரு விசேஷம் உண்டு. மற்றக் கார்களைப் போல் உடல் முழுவதும் ஒன்றாகப் பற்ற வைத்ததல்ல. தனித்தனிப் பகுதிகளைச் சாஸியின் மேல் போல்ட்டுப் போட்டு முடுக்கியது. பகுதிக்கும் பகுதிக்கும் இடையே ரப்பர். கழற்றி மாட்டச் சௌகரியம்தான். ஆனால் எத்தனை மூட்டோ அத்தனை வாசல் மழைத் தண்ணீருக்கு!

ரப்பர் ஏன் கிழடாகிறது? 1839-ல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் அது உறுதிப்படும் என்று கண்டார். உறுதி வந்தது, சிரஞ்சீவித்தன்மை வரவில்லை. வெயிலும் பிராணவாயுவும் மெல்ல மெல்ல அதை அரிக்கின்றன. காற்றிலுள்ள ஓஸோனோ, ரப்பர் எங்கே இழுபட்டு நிற்கிறதோ அங்கே குறுக்கே வெடிப்புகளை உண்டாக்குகிறது. வளைந்து திரும்பும் மூலைகளில் பீடிங் முதலில் பிளப்பதன் ரகசியம் இதுதான். இப்போது வரும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் வெயிலையும் ஓஸோனையும் வெகு நாள் தாங்கும்.

புழுதியோடு போய்விட்டால் தட்டி விடலாம். தண்ணீர் புகுந்தால்? கால்மிதிக்கு அடியில் ஊறிக் கிடந்து, தரைத் தகட்டைத் துருவாக்கும். மேலே பளபளக்கும் காரின் அடித்தகடு சல்லடையான பிறகுதான் சொந்தக்காரருக்குச் செய்தி எட்டும்.

இதைவிடப் பொல்லாதது டிக்கி ரப்பர். ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. அங்கே புகைக்குழாயின் வாயு சுழன்று நிற்கிறது. டிக்கியின் ரப்பர் தேய்ந்திருந்தால் அந்த வாயு உள்ளே இழுக்கப்படும். அதிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமுமில்லை. பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் பலமாக அது இரத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். இரவுப் பயணத்தில் பின் ஆசனத்தில் குழந்தைகள் தூங்குகிறார்கள் என்று நினைக்கிறோம். அது தூக்கந்தானா என்று பார்க்க வேண்டிய சமயமும் உண்டு. தலைவலி, குமட்டல் என்று யாராவது சொன்னால் உடனே வண்டியை நிறுத்தி, எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவர வேண்டும்.

இத்தனை இருந்தும், பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் பெயிண்டுக்கும் குரோமியப் பூச்சுக்கும்தான் பணத்தைக் கொட்டுகிறார்கள். பழைய பீடிங்கைக் கழற்றாமலே, ஓரத்தில் காகிதம் ஒட்டிப் பெயிண்ட் அடிக்கிற சாமர்த்தியசாலிகளும் உண்டு. துரு அந்தப் பீடிங்குக்கு அடியில்தான் ஒளிந்திருக்கிறது!

சரியான முறை இதுதான். பழைய ரப்பரைப் பிய்த்து, காய்ந்த பசையைச் சுரண்டி, துருவைத் தேய்த்தெடுத்து, ரெட் ஆக்ஸைடு பூசிப் பெயிண்ட் அடித்து உலர விட வேண்டும். பிறகே புதுப் பீடிங். அதை இழுத்து ஒட்டக் கூடாது. இழுத்த ரப்பர் நாளாவட்டத்தில் சுருங்கி, சேர்ப்பு வாய் திறந்துவிடும். ஒரு நூல் நீளமாகவே விட்டு நெருக்கிச் சேர்ப்பது நல்லது. சேர்ப்பு கதவின் அடிப்பக்கம் வர வேண்டும். புது ரப்பர் தடிப்பாயிருப்பதால் கதவு முதலில் முரண்டு பிடிக்கும். அவசரப்பட்டுக் கீலை வளைக்காமல், சில நாள் கதவை மூடியே வைத்தால் ரப்பர் படிந்து கொடுக்கும். வழுக்குவதற்குக் கிரீஸ் தடவுவது தவறு. எண்ணெய்ப் பசையில் ரப்பர் ஊதிப்போகும். சோப்புத் தண்ணீர் போதும்.

முன் கண்ணாடிக்கு ரப்பர் மாற்றுவது பார்க்க வேண்டிய வேடிக்கை. கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, அதன் வெளிக் காடியில் ஒரு சணல் கயிற்றைச் சுற்றிப் பதிக்கிறார்கள். வெளியே ஒருவர் உள்ளங்கையால் மெல்லத் தட்டிக் கொடுக்க, உள்ளே இருப்பவர் கயிற்றை அங்குலம் அங்குலமாக இழுக்க, ரப்பரின் உதடு தகட்டின் மேல் ஏறி உட்காருகிறது. கையை விட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தால் ஆபத்து. பழைய கார்களில் பெரும்பாலும் இருப்பது பதப்படுத்திய கண்ணாடி. விளிம்பில் ஓர் அடி பட்டாலும் முழுவதும் பொடியாகிவிடும்.

சாமான் கிடைப்பதுதான் சங்கடம். சென்னைத் தொழிற்சாலை மூடி எத்தனையோ வருஷமாயிற்று. பிரிட்டனில் அந்தக் கார்களின் அபிமானிகள் இன்னும் இருப்பதால் அங்கே புதுப் பீடிங் விற்கிறார்கள். இங்கே சென்னைப் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் தேடுகிறவர்கள், பழைய பட்டையில் ஒரு விரற்கடைத் துண்டை வெட்டிக் கையோடு கொண்டு போவது உசிதம். பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, வெட்டு முகத்தைக் காட்டி ஒப்பிடுவதில் ஏமாற்றம் குறைவு.

எல்லாம் முடிந்த பின் ஒரு பரீட்சை. பீடிங்கின் மேல் சாக்கட்டித் தூளைத் தடவிக் கதவை மூடித் திறந்தால், எங்கே தூள் தகட்டில் பதியவில்லையோ அங்கே இடைவெளி. அதற்குப் பிறகு ஒருவர் டார்ச் விளக்கோடு உள்ளே உட்கார, மற்றொருவர் ரப்பர்க் குழாயால் கூரை மேல் கால் மணி நேரம் தண்ணீர் விடுகிறார். உள்ளே இருப்பவர் கண்ணாடியின் கீழ் மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் சொட்டு பெரும்பாலும் அங்கேதான் எட்டிப் பார்க்கும்.