அந்தப் பங்காவை இழுத்தது யார்?

பிலிப்பைன்ஸின் தலைநகரான மணிலாவில் 'இன்ட்ராமுரோஸ்' என்றொரு பகுதி உண்டு. 'மதில்களுக்கு உள்ளே' என்பது அதன் பொருள். ஸ்பானியர் தாம் வாழ்வதற்கென்று கல்மதில் சூழக் கட்டிய நகரம் அது. அதனுள்ளே, சான் அகுஸ்தின் தேவாலயத்துக்கு எதிரே, 'காசா மணிலா' என்னும் வீடு நூதனசாலையாக விளங்குகிறது. ஸ்பானிய ஆட்சியின் இறுதிக் காலத்தில் செல்வந்தக் குடும்பமொன்று எப்படி வாழ்ந்தது என்பதை அறை அறையாக அங்கே காணலாம்.

உள்ளே நுழையுமுன் ஒரு வரலாற்றுச் செய்தியை மனதிற் கொள்வோம். ஸ்பானியர் வந்தபோது மணிலாவை ஆண்டவர்களில் ஒருவர் ராஜா சுலைமான் என்ற முஸ்லிம் சிற்றரசர். பாசிக் ஆற்றின் முகத்துவாரத்தில் அவருக்கு ஒரு மரக்கோட்டை இருந்தது. 1571இல் லெகாஸ்பி என்ற ஸ்பானியத் தளபதி மணிலாவைக் கைப்பற்றினார். அம்மரக்கோட்டை நின்ற இடத்திலேதான் பின்னர் சந்தியாகோ கோட்டை எழுந்தது. 1898 வரை ஸ்பானிய ஆட்சி நடந்தது.

இனி வீட்டுக்கு வருவோம். கீழ்த்தளம் கல்; மேல்தளம் மரம். பூமியதிர்ச்சி அடிக்கடி நிகழும் நாட்டில் கனமான கற்சுவரை உயர எழுப்புவது ஆபத்து என்று அனுபவம் கற்றுக்கொடுத்திருந்தது. கீழே குதிரை வண்டிகள் வந்து நிற்கும் இடமும் களஞ்சியமும். குடும்பத்தார் வாழ்ந்தது மேலே. ஜன்னல்களைப் பாருங்கள். கண்ணாடிக்குப் பதிலாக, மெல்லியதாய் ஒளி ஊடுருவும் 'கப்பிஸ்' சிப்பிகளைச் சிறு சிறு சதுரங்களாக மரச்சட்டத்தில் பொருத்தியிருக்கிறார்கள். வெயிலின் கூச்சம் குறைந்து மென்மையான வெளிச்சம் உள்ளே வரும். பெரிய ஜன்னலுக்குக் கீழே, தரையோடு ஒட்டி, கம்பியிட்ட சின்ன ஜன்னல்கள் காற்றுக்காக இருக்கின்றன. வெப்ப நாட்டுக்கு ஏற்ற புத்திசாலித்தனமான ஏற்பாடு.

வரவேற்பறை, படுக்கையறைகள், பிரார்த்தனை அறை எல்லாவற்றையும் கடந்தால் சமையலறை. அதை ஸ்பானியர் 'கொசினா' என்பர். பிலிப்பைன்ஸ் மக்கள் 'குசினா' என்பர். நாம் சொல்லும் குசினியும் இதன் உறவுக்காரச் சொல்தான். ஸ்பானியரின் அயலவரான போர்த்துக்கேயர் நம் கரையோரங்களை ஆண்டபோது விட்டுச்சென்றது அது. மேசை, அலுமாரி, சப்பாத்து என்பனவும் அவ்வாறு வந்தவையே.

இப்போது சாப்பாட்டு அறைக்குத் திரும்புவோம். நீண்ட மேசைக்கு மேலே உத்தரத்திலிருந்து பெரிய துணி விசிறி தொங்குகிறது. அதுதான் பங்கா. எசமானும் விருந்தினரும் உண்டு, பேசி, எழும்வரை ஒரு வேலைக்காரர் கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். உண்பவருக்கு வியர்க்கக்கூடாது, இழுப்பவருக்கு வியர்த்தால் கேட்பாரில்லை. அந்த மேசையின் அழகை இன்று வியக்கிறோம். கயிற்றைப் பிடித்திருந்தவரின் பெயர் யாருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வெளியேயும் இதே கதைதான். 1834இல் மணிலாத் துறைமுகம் உலக வணிகத்துக்குத் திறக்கப்பட்டபின் சீனி, சணல், புகையிலை ஏற்றுமதியால் பல குடும்பங்கள் செழித்தன. ஸ்பானியர் மட்டுமல்ல, சீனக் கலப்பினத்தாரும் உள்நாட்டுச் செல்வந்தரும் இத்தகைய வீடுகளைக் கட்டினார்கள். ஆனால் சாதாரண ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு 40 நாட்கள் அரசுக்குக் கட்டாய வேலை செய்ய வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. 1884இல்தான் அது 15 நாட்களாகக் குறைக்கப்பட்டது. பணம் கட்டி விலகிக்கொள்ள வழியுமிருந்தது. பணமிருந்தவன் விலகினான், இல்லாதவன் மரம் வெட்டினான், பாதை போட்டான்.

1945இல் நடந்த மணிலாப் போரில் இன்ட்ராமுரோஸ் ஏறத்தாழ முற்றாக அழிந்தது. சான் அகுஸ்தின் தேவாலயம் தப்பியது. ஆகவே நாம் காணும் வீடு பழைய வீடல்ல. 1850களில் கட்டப்பட்ட ஒரு மாளிகையை மாதிரியாகக் கொண்டு 1980களின் தொடக்கத்தில் எழுப்பப்பட்டது. சுவரையும் தளபாடத்தையும் மீண்டும் செய்துவிடலாம். அங்கே தேய்ந்துபோன கைகளை எப்படி மீண்டும் காட்டுவது?

சகோதரிகளே! இது நமக்கு அந்நியமான கதையல்ல. இன்று வளைகுடா நாடுகளில் பிலிப்பைன்ஸ் பெண்களும் நம் நாட்டுப் பெண்களும் பிறர் வீட்டுக் குசினிகளில் உழைக்கிறார்கள். அவர்கள் நன்றாக நடத்தப்பட வேண்டுமென்று நாம் கவலைப்படுகிறோம், அது நியாயமே. அதே கவலை நம் வீட்டில் உதவிக்கு நிற்பவள் மீதும் வரவேண்டும். அவள் எப்போது சாப்பிடுகிறாள், எங்கே படுக்கிறாள், காய்ச்சல் வந்தால் யார் பார்க்கிறார்கள்? விருந்தாளிக்கு வரவேற்பறையைக் காட்டுகிறோம். ஆனால் ஒரு வீட்டின் உண்மையான தரத்தை இந்தக் கேள்விகளுக்கு நாம் சொல்லும் பதில்தான் காட்டும்.