விதைவங்கியில் தங்காத மரங்கள்

நெல் விதையை நன்றாக உலர்த்தி மைனஸ் 20 டிகிரி குளிரில் வைத்தால் பல பத்தாண்டுகள் முளைப்புத்திறன் கெடாது. அந்தமானின் கர்ஜன் மரத்திடம் இது பலிக்காது. இரண்டு நீண்ட இறக்கைகளோடு சுழன்று இறங்கும் அதன் காய், ஈரம் காய்ந்தாலே செத்துவிடும். விழுந்த சூட்டோடு முளைத்தால்தான் உண்டு. மழைக்காட்டு மரங்கள் பலவற்றுக்கும் இதே குணம். இவற்றைக் காட்டுக்கு வெளியே காப்பாற்ற, மரமாகவே வளர்த்து வைப்பதுதான் முக்கிய வழி.

போர்ட் பிளேருக்கு (இன்று ஸ்ரீ விஜயபுரம்) அருகே தானிகாரியில் சுமார் 30 ஹெக்டேரில் தாவரத் தோட்டம் இருப்பது இதற்காகத்தான். 1972-ல் போர்ட் பிளேரில் மண்டல மையம் தொடங்கிய இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதைப் பராமரிக்கிறது.

இப்படிப்பட்ட தோட்டத்துக்கு உயிர்நாடி பதிவேடு. எந்தத் தீவு, எந்த ஓடைக்கரை, எந்தத் தேதி என்ற குறிப்பு இல்லாத செடி, எவ்வளவு அபூர்வமானாலும் ஆய்வாளருக்கு அரைப்பயன்தான்.

அடுத்தது ஜோடி. அந்தமான் காட்டு ஜாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கன்றைப் பார்த்துச் சொல்ல முடியாது. பூக்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நட்ட இரண்டும் ஆணாகப் போய்விட்டால்? அதனால்தான் ‘இத்தனை இனங்கள் உள்ளன’ என்ற பெருமைக் கணக்கு எனக்குப் போதவில்லை. ஒவ்வோர் இனத்திலும் எத்தனை மரம், எத்தனை தாய்மரத்தின் வாரிசு என்றும் கேட்க வேண்டும்.

பென்டிங்கியா என்ற பனைக் குடும்பத்து மரத்தைப் பாருங்கள். உலகில் அதில் இரண்டே இனம். ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைச் சரிவுகளில் நிற்கும் நம் வரைக்கமுகு. மற்றது, வங்கக்கடலைத் தாண்டி, நிக்கோபாரில். நிக்கோபார் இனம் கொல்கத்தா பக்கம் ஹௌரா தாவரவியல் பூங்காவிலும் வெளிநாட்டுத் தோட்டங்களிலும் அலங்கார மரமாக வளர்கிறது. ஆனாலும் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில்தான் இருக்கிறது. சில மரங்களின் பிள்ளைகளை எங்கெங்கோ நட்டாலும் காட்டின் மரபணு வளம் அதில் வந்துவிடாது.

அந்தக் காடோ சுருங்கி வருகிறது. கிரேட் நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை 2004 நிலநடுக்கத்தில் 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கரையோரக் காடு கடலுக்குள் போனது. 2022-ல் அதே தீவில் துறைமுகம், விமான நிலையம், நகரியத்துக்காகச் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டு நிலத்தை எடுக்கும் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. தானிகாரி அங்கிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வடக்கே. அத்தீவு மரங்களின் விதையை இங்கே உயிரோடு கொண்டுவர, காய் பழுக்கும் வாரமும் அங்குள்ள கேம்பல் பேயிலிருந்து கப்பல் கிளம்பும் நாளும் ஒத்துவர வேண்டும்.