காப்பீடு மனச்சோர்வைக் குறைக்குமா? ஒரு குலுக்கல் தந்த பதில்

மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள் ஒரு பக்கம், இல்லாதவர்கள் மறு பக்கம். இரு பக்கத்திலும் எத்தனை பேருக்கு மனச்சோர்வு என்று எண்ணினால் காப்பீட்டின் பலன் தெரிந்துவிடும் என்று தோன்றும். தெரியாது. உடல்நலம் குன்றியவர்தான் காப்பீட்டை முனைந்து தேடுவார். அதனால் காப்பீடே நோயைக் கொண்டுவருவதுபோலக் கணக்கு காட்டிவிடலாம். ‘உண்டா, இல்லையா’ என்ற வகைக் கேள்விகளுக்கு லாஜிட், புரோபிட் என்ற முறைகள் பழக்கத்தில் உள்ளன. ஆனால் காப்பீடு எடுக்கும் முடிவுக்கும் நோய்க்கும் பொதுவான மறைகாரணம் இருக்கும்போது அவையும் தவறும். லட்சம் பேரின் தரவைக் கூடுதலாகச் சேர்த்தாலும் அந்தத் தவறு கரையாது. எந்தச் சூத்திரம் என்பதைவிட, காப்பீட்டில் உள்ள வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதே முதல் கேள்வி.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் 2008இல் அதற்கு அரிய வாய்ப்பைத் தந்தது. குறைந்த வருமானத்தினருக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டில் இடங்கள் குறைவு. ஏறத்தாழ 90,000 பேர் பதிவு செய்தார்கள். குலுக்கல் நடத்தி சுமார் 30,000 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்வானவர்களில் பலர் விண்ணப்பம் தரவில்லை, அல்லது தகுதி பெறவில்லை. ஆனாலும் குலுக்கலில் வென்றவர்களிடையே காப்பீடு பெற்றோர் விகிதம் ஏறக்குறைய 25 சதவீதப் புள்ளி அதிகம். சீட்டு யாருடைய உடல்நிலையையும் பார்த்து விழவில்லை. ஆகவே வென்றவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே மனச்சோர்வில் தெரியும் வேறுபாட்டை அந்தக் கால் பங்கால் வகுத்தால், காப்பீட்டின் விளைவு கிடைக்கும். குலுக்கலைப் போன்ற புறக்காரணத்தைப் புள்ளியியலாளர்கள் ‘கருவி மாறி’ என்கிறார்கள். சுமார் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, காப்பீடு மனச்சோர்வு விகிதத்தை சுமார் 9 சதவீதப் புள்ளி குறைத்திருந்தது. வெல்லாதவர்களிடையே அது ஏறத்தாழ 30 சதவீதம். ரத்த அழுத்தத்தில் உறுதியாகச் சொல்லத்தக்க மாற்றம் தெரியவில்லை.

விடை ஆம், இல்லை என்பதில் முடிவதால் இன்னொரு சிக்கலும் உண்டு. நிகழ்தகவு 0க்கும் 1க்கும் இடையில் நிற்க வேண்டும். நேர்கோட்டுச் சூத்திரம் அந்த எல்லையைத் தாண்டக்கூடும்; லாஜிட், புரோபிட் போன்ற வளைகோடுகள் தாண்டாது. அதற்காகச் சிலர், குலுக்கலை வைத்துக் கணித்த காப்பீட்டு மதிப்பை அப்படியே புரோபிட் சூத்திரத்தில் இடுவார்கள். நேர்கோட்டில் செல்லுபடியாகும் இந்த வழி வளைகோட்டில் செல்லாது. காப்பீடும் ஆம்-இல்லை வகையாக இருப்பதால், காப்பீட்டுக்கும் மனச்சோர்வுக்குமான இரண்டு சமன்பாடுகளையும் சேர்த்தே மதிப்பிடும் இருமாறி புரோபிட் பொருந்தும். ஆனால் அது, மறைகாரணங்கள் ஒரு குறிப்பிட்ட வடிவில் பரவியிருப்பதாக நம்பிக்கொள்கிறது.

நேர்கோடு எல்லை மீறுகிறதே என்பது நியாயமான ஆட்சேபம். ஒவ்வொரு தனிமனிதருக்கும் நிகழ்தகவு கணிப்பதானால் வளைகோடு வேண்டும். சராசரி விளைவு மட்டும் போதுமென்றால், மேற்சொன்ன எளிய வகுத்தலுக்கு எந்த வளைகோடும் தேவையில்லை. அந்த விடை குலுக்கலால் காப்பீடு பெற்றவர்களுக்கு மட்டும்தானே என்பது அடுத்த ஆட்சேபம். உண்மைதான், பொருளியலாளர்கள் இம்பென்ஸும் ஆங்கிரிஸ்ட்டும் 1994இல் இதைத்தான் தெளிவாக்கினார்கள், 2021இல் இருவரும் பொருளியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். ஆனால் திட்டத்தின் கதவைத் திறந்தால் உள்ளே வருபவர்கள் பெரும்பாலும் அத்தகையவர்களே. அரசுக்கு வேண்டிய விடையும் அதுவே. கடினமானது மூன்றாவது: குலுக்கலில் கிடைத்த வெற்றி, காப்பீட்டின் வழியாக மட்டுமே மனநிலையை மாற்றியதா? இதைத் தரவு முழுதாக நிரூபிக்காது. காரணம் காட்டி வாதிட்டாக வேண்டும். நேர்கோட்டைத் தேர்ந்தாலும் வளைகோட்டைத் தேர்ந்தாலும் அந்தப் பொறுப்பிலிருந்து ஆய்வாளருக்கு விடுதலை இல்லை.