உதட்டில் பார்த்ததும் விரலில் பார்ப்பதும்

கோலாலம்பூரின் பங்சார் ரப்பர் தோட்டமாக இருந்த காலத்தில், மூச்சு வாங்குகிறவரின் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருக்கிறதா என்று அறிய, தோட்டத்து டிரெசர்களுக்கு, அதாவது மருத்துவ உதவியாளர்களுக்கு, கண்ணை விட்டால் வேறு கருவி கிடையாது. உதடு, நாக்கு, நகக்கண் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். நம் கறுத்த தோலில் அந்த நீலம் சட்டென்று பிடிபடாது. மலேரியாவும் கொக்கிப்புழுவும் உறிஞ்சிய உடம்பென்றால் இன்னும் கொடுமை. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 5 கிராம் ஹீமோகுளோபினாவது ஆக்சிஜனை இழந்தால்தான் நீலம் கண்ணுக்குத் தெரியும். மொத்தமே 6 கிராம் உள்ளவருக்கு உயிர் போகும் நேரத்திலும் உதடு வெளுத்தே இருக்கும்.

1974-இல் பங்சாரில் பந்தாய் மருத்துவமனை வந்தது. அதே ஆண்டு ஜப்பானியப் பொறியாளர் தாக்குவோ அவோயாகி, சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளைக் கொண்டு ஊசியின்றி ஆக்சிஜனை அளக்கும் முறையை அறிவித்தார். அதுதான் 2021 கோவிட் அலையில் கிள்ளான் பள்ளத்தாக்கு வீடுகளில் விரல் விரலாக மாறிய கிளிப்.

ஐ.சி.யூ.வில் கிளிப் காட்டும் எண் மட்டும் போதாது. மணிக்கட்டுத் தமனியில் பொருத்திய குழாயிலிருந்து இரத்தம் எடுத்து, ஊசிக்குழலில் உள்ள காற்றுக்குமிழிகளை வெளியேற்றி, தாமதிக்காமல் ஏ.பி.ஜி. எனப்படும் தமனி இரத்த வாயுச் சோதனைக்குக் கொண்டுபோகிறார்கள். இரத்தத்தை உடலுக்கு வெளியே ஆக்சிஜனேற்றித் தொடைத் தமனி வழியாகத் திருப்பி அனுப்பும் எக்மோ கருவி பொருத்தியவருக்கு எந்தக் கையில் அளக்கிறோம் என்பதே பெரிய விஷயம். கருவியின் நல்ல இரத்தம் கீழிருந்து ஏறி வருகிறது. பழுதான நுரையீரலைக் கடந்த இரத்தத்தை இதயம் மேலிருந்து தள்ளுகிறது. காலில் கிளிப் 100 விழுக்காடு காட்டும்போதும் மூளை தவித்துக்கொண்டிருக்கலாம். மூளைக்குப் போகும் இரத்தத்தை ஒத்தது வலக்கைக்குப் போவதுதான். அதனால்தான் கிளிப் வலக்கை விரலில் இருக்க வேண்டும்.

தோலின் நிறம் கண்ணை ஏமாற்றியதுபோல் கருவியையும் ஏமாற்றுகிறது. 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கிளிப் 92 முதல் 96 வரை காட்டியபோதே உண்மையில் 88-க்குக் கீழே இருந்த அளவுகள் கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடு, வெள்ளையரிடம் 3.6. கோவிட் நோயாளிகளைப் பற்றிய 2022 ஆய்வு, ஆசியர்களுக்கும் கருவி கூட்டிக் காட்டியதைக் கண்டது. தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருக்கும் நாட்டில் இதைச் சின்னப் பிழை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பல தோல் நிறத்தவரிடமும் சோதித்த பிறகே இக்கருவிகள் வர வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 ஜனவரியில்தான் பரிந்துரை வரைவு வெளியிட்டது. அப்படிப்பட்டவை நம் வார்டுக்கு வரும்வரை, வெண்டிலேட்டரில் இருப்பவரின் உறவினர் தயங்காமல் கேட்கலாம்: கடைசி ஏ.பி.ஜி. எப்போது எடுத்தீர்கள், கிளிப் காட்டும் எண்ணும் அதுவும் ஒத்துப்போகிறதா?