வேனுக்கு வெளியே ஒரு திரை

கேம்பர்வேன் வாங்கியவருக்கு அடுப்பு, படுக்கை, விசிறி எல்லாம் அமைந்த பிறகு வரும் ஆசை ஒன்று உண்டு: வண்டியின் வெளிப்பக்கம் ஒரு டிவி. நம் பேராக்கில் உலு செப்போர் அருவிக்கரையிலோ தெலுக் பாத்திக் கடற்கரையிலோ நாற்காலி போட்டுப் படம் பார்க்கலாமே!

பேராக் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களுக்கு இதில் புதுமை இல்லை. படம் காட்ட வந்த வேன்களை அவர்கள் அப்போதே பார்த்தவர்கள். அரசாங்கத்துக்குப் படம் எடுத்த மலாயா திரைப்படப் பிரிவு 1946-இல் தொடங்கியது. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வெள்ளைக்காரத் துரைகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் வந்தது. அதன்பின் தகவல் இலாகா வேன்கள் தோட்டங்களுக்கும் அவசரகாலத்தில் அமைத்த புதுக்கிராமங்களுக்கும் படம் காட்டப் புறப்பட்டன. ஜெனரேட்டர், ஒலிபெருக்கி, 16 மில்லிமீட்டர் புரொஜெக்டர், வெள்ளைச் சீலை, அவ்வளவுதான் சாமான். அரசாங்கத்துக்கு அது பிரச்சாரம். விடியுமுன் பெரட்டில் ஆஜர் கொடுத்து, மரம் வெட்டி, பால் தூக்கிக் களைத்த சனங்களுக்கு அது ஓசிப்படம்.

தமிழ்ப்படக் கொட்டகை டவுனில். தோட்டத்துத் திடலுக்கே சுருளோடு வந்து காட்டியவர்களும் உண்டு. 1,600 அடிச் சுருள் ஒன்று 44 நிமிடம் ஓடும். மூன்று மணி நேரப் படத்துக்கு நான்கைந்து சுருள். ஒரே புரொஜெக்டர் என்றால் சுருள் மாற்றும்போதெல்லாம் திடல் இருட்டாகும், விசில் பறக்கும். முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் சீலைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார்கள். அவர்களுக்கு மட்டும் எம்.ஜி.ஆர். இடது கையால் வாள் வீசுவார்.

1963 டிசம்பர் 28-இல் மலேசியாவில் தொலைக்காட்சி வந்தது, 1996-இல் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் டிவி. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயத்துச் சனம் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தது. படம் வீட்டுக்குள் போய்விட்டது.

அந்தப் படவேன்காரர்கள் ஒரு விஷயத்தில் கெட்டிக்காரர்கள். சீலையைத் திடலில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டினார்கள். வண்டியின் உடம்பில் தொங்கவிடவில்லை. இன்றைக்கு வெளிச்சுவரில் துளை போட நினைப்பவர் இதை யோசிக்க வேண்டும். டொயோட்டா ஹைஏஸ் போன்ற வேனின் பக்கத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இழுவைக் கேரவனின் சுவரோ வெளியே மெல்லிய அலுமினியம் அல்லது ஃபைபர், நடுவே நுரை, உள்ளே ஒல்லிப் பலகை. நான்கு கிலோ டிவியை அரை மீட்டர் கைத்தாங்கியில் நீட்டினால் மேல் திருகுகளைப் பிடுங்குகிற விசை பல மடங்கு ஆகிவிடும். துளை வழியே இறங்கும் தண்ணீர் வேறு. தீபகற்பத்திலேயே அதிக மழை பெய்யும் ஊர் நம் தைப்பிங் என்பதை மறந்துவிடக் கூடாது!

என் கணக்கில் நல்ல இடம் கதவோரம். உள்ளே தரையோடும் சட்டத்தோடும் இறுகப் பூட்டிய அலமாரியின் பக்கவாட்டில் மடிப்புக் கைத்தாங்கியைப் பொருத்தி, தள்ளுகதவு வழியாக டிவியை வெளியே திருப்பிக்கொள்ளலாம். பின்கதவு மேலே தூக்கும் வேனென்றால் இன்னும் வசதி, கதவே கூரை. சின்ன டிவிகளின் முதுகில் நான்கு திருகுத் துளைகள் பெரும்பாலும் 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும். அளந்துவிட்டுத் தாங்கியை வாங்குங்கள். சட்டென்று கழற்ற முடிகிற வகை நல்லது. வண்டி ஓடும்போது டிவி மெத்தைமேல் படுத்துக்கொள்ளட்டும்.

மின்சாரம் பெரிய தலைவலி இல்லை. 24 அங்குல டிவி 30 வாட் இழுத்தால் ஒரு மூன்று மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு 90 வாட்-மணி. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் பாதியை மட்டும் செலவழித்தாலும் 600 வாட்-மணி கையில் இருக்கும். ஆனால் டிவியில் 12 வோல்ட் என்று எழுதியிருப்பதை நம்பி நேராக பேட்டரியில் செருக வேண்டாம். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேல் ஏறும். வீட்டு அடாப்டருக்காகச் செய்த டிவி அதைத் தாங்காமல் போகலாம். நடுவே ஒரு வோல்ட்டேஜ் சீராக்கி வேண்டும்.

பேராக்கில் பொழுது சாய ஏழு மணி ஆகிவிடும். மேற்கு வெயில் நேராக விழுந்தால் வீட்டு டிவியில் முகம்கூடத் தெரியாது. திரை கிழக்கே பார்க்கும்படி வண்டியை நிறுத்துங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு வெளிச்சுவரில்தான் வேண்டும் என்றால், முதலில் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே. அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேளுங்கள். துளை போடுவது அப்புறம் இருக்கட்டும்.